காலியாக ஒரு நாள்



மக்காச்சோளம் அடித்து முடித்து, கடைசி மூட்டையும் வண்டி ஏறிவிட்டால் எங்கள் வீட்டுக் களம் சில நாள் வெறிச்சோடிக் கிடக்கும். போன தை மாதம் அந்த இடைவெளியில்தான் அம்மாவை அந்தமானுக்கு அழைத்துப் போனோம். குன்னம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அதே மண்ணில் வாழ்க்கைப்பட்டவர். அதற்கு முன் ஒரே ஒரு முறை கடலைப் பார்த்திருக்கிறார். வேனில் கோயில் கோயிலாகப் போய்வந்த வழியில், அரை மணி நேரம் கால் நனைத்துவிட்டு ஏறிய கடல் அது.

நான் போட்ட திட்டமும் அந்த வேன் பயணம் போலத்தான் இருந்தது. நான்கு நாளுக்குள் பதினான்கு இடம். முதல் நாளே ஸ்ரீ விஜயபுரத்தில் செல்லுலார் சிறை, அருங்காட்சியகம், வெற்றிமலை முருகன் கோயில், கடைவீதி எல்லாம் முடித்தோம். மறுநாள் கப்பல் ஏறி ஸ்வராஜ் தீவுக்குப் போய், ராதாநகர் கடற்கரையில் இறங்கினோம். அரை மணி நேரத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்ததும் அம்மா சொன்னார்: “செத்த நேரம் என்னைய இங்கயே உட்காரவுடுப்பா.”

உட்கார்ந்தார். கதிர் உரித்து உரித்து வெடித்திருந்த உள்ளங்கையை ஈர மணலில் பதித்துக்கொண்டார். அலை வந்து விரலை மூடும், போகும். கை மட்டும் அங்கேயே இருந்தது. இரண்டு மணி நேரம் அவர் எதுவும் பேசவில்லை. அம்மாவின் அறுபது வருடத்தில், வேலை எதுவும் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மீதி இடங்களை அங்கேயே அடித்துவிட்டேன்.

இந்த இதழில் உங்களிடம் நான் கேட்பது அதுதான். விடுமுறைக்குத் திட்டம் போடுங்கள். அதில் ஒரு நாளையாவது காலியாக விடுங்கள்.

தீவும் கடலும் நமக்கெதற்கு, நம்முடையது வானம் பார்த்த பூமி என்று நினைக்க வேண்டாம். நாம் உழுவதே பழைய கடலின் தரையைத்தான். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுப்பது அந்தக் கடல். காரையின் செம்மண் ஓடைகளில் கிளிஞ்சல் கல்லாகக் கிடக்கிறது. சாத்தனூரில் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. 2020இல் குன்னத்தில் ஏரி வெட்டியபோது வந்த கல்லுருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது. அவை அம்மோனைட் என்னும் கடல் உயிரியைச் சுற்றி உருண்டையாகத் திரண்ட கற்கள் என்று பிறகு தெரிந்தது.

கடலோடிய நினைவும் நமக்கு உண்டு. 1025இல் கடாரத்தின் மேல் கப்பல் படை அனுப்பிய ராசேந்திர சோழனின் தலைநகர் நம் கங்கைகொண்ட சோழபுரம். அவன் வென்றதாக மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் மாநக்கவாரமும் ஒன்று, இன்றைய நிக்கோபார். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து அந்தமானுக்குப் போகிறவர் முன்னோர் போன திசையிலேயே போகிறார்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறையில் போவதானால் மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை முதலில் இறங்குவது அங்கேதான். மே மூன்றாவது வாரத்திலேயே தொடங்கிவிடும், கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே கப்பல் நின்றுவிடும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். பாஸ்போர்ட் வேண்டியதில்லை, ஆதார் போதும். பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு மட்டும் அனுமதி இல்லை, அதை மதிப்போம். சின்னத் தீவுகளில் செல்போன் சிக்னல் கைவிடும், கையில் ரொக்கம் வைத்திருங்கள். நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே விடியும், அதே போல இருட்டும். விடியலில் எழுந்து பழகிய நமக்கு அது தோதான ஊர். தமிழ் பேசுவோர் நிறைய இருப்பதால் பெரியவர்களும் தனியாகக் கடைக்குப் போய்வரலாம்.

அவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் பாம்பனும் தீவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் வழியே கடலைக் கடந்து, ராமேசுவரத்தில் தீர்த்தமாடி, மறுநாள் முழுவதும் தனுஷ்கோடி மணலில் இருங்கள். அன்றைக்கு வேறு எந்த ஊரையும் சேர்க்காதீர்கள்.

ராதாநகரில் கிளம்பும்போது அம்மா கையில் ஒரு சங்கு இருந்தது. கிளிஞ்சலும் பவளமும் அங்கிருந்து எடுத்துவரக் கூடாது என்று சொன்னேன். “அது எடத்துலயே கெடக்கட்டும். நம்ம கொல்லையில கெடக்காததா?” என்று அலையோரம் வைத்துவிட்டு வந்தார்.

ஊர் திரும்பி மாதங்கள் ஆகின்றன. இப்போது பொழுது சாயும் நேரத்தில் அம்மா திண்ணையில் வந்து உட்காருகிறார். முறத்தையோ உரிக்க வேண்டிய சின்ன வெங்காயத்தையோ கையோடு கொண்டு வருவதில்லை. உள்ளங்கையைத் திண்ணையில் பதித்தபடி, விளக்கு வைக்கும் வரை அப்படியே இருக்கிறார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்