கறுப்புப் பூனைகள் வரும்வரை யார் நிற்பது?

வல்லத்திராக்கோட்டையில் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடிப் பழகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். சிலர் ராணுவத்துக்கு, சிலர் போலீஸுக்கு. காவல் துறையில் இருந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்து பேசுவார்கள். "கறுப்புப் பூனைப் படையில் சேர என்ன செய்யணும் ஐயா?" என்பதுதான் அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி.

அதில் நேரடியாகச் சேர முடியாது. தேசியப் பாதுகாப்புப் படை எனப்படும் என்எஸ்ஜிக்குத் தனியாக ஆளெடுப்பு கிடையாது. தாக்கும் பிரிவுக்கு ராணுவத்திலிருந்தும், துணை நிற்கும் பிரிவுக்கு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலிருந்தும் அயல்பணியாக ஆட்களை எடுத்து, ஹரியாணாவின் மானேசரில் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியில் பாதியிலேயே திருப்பி அனுப்பப்படுபவர்கள் ஏராளம்.

1984-ல் உள்ளே இருந்த தீவிரவாதிகளை வெளியேற்ற, பொற்கோயிலுக்குள் ராணுவம் டாங்கிகளோடு நுழைந்தது. அந்தக் காயத்துக்குப் பிறகுதான், குறிவைத்து அடிக்கத் தெரிந்த சிறிய படை ஒன்று தேவை என்று அரசு முடிவெடுத்தது. பிரிட்டனின் எஸ்ஏஎஸ், ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி-9 ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்டார்கள். 1986-ல் தனிச் சட்டம் வந்தது. 1988 மே மாதம் அதே பொற்கோயிலில் தீவிரவாதிகள் மறுபடி புகுந்தபோது, இந்தப் படை உள்ளே பாயவில்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்களை நிறுத்தி, நாள்கணக்கில் காத்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பொறுமையும் ஓர் ஆயுதம் என்று காட்டிய நடவடிக்கை அது.

இவ்வளவு திறமையான படைக்கும் ஓர் எல்லை உண்டு. அது நேரம். 1993 ஏப்ரலில் கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் அமிர்தசரஸில் நின்றது. என்எஸ்ஜி வந்து சேர அவகாசம் கிடைத்தது. சில நிமிடங்களில் கடத்தல்காரன் வீழ்ந்தான், பயணிகள் அனைவரும் தப்பினர். 1999 டிசம்பரில் ஐசி-814 அதே அமிர்தசரஸில் முக்கால் மணி நேரம்தான் நின்றது. படை வருமுன் பறந்துவிட்டது. காந்தஹாரில் மூன்று பயங்கரவாதிகளை விடுவித்துப் பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று.

மும்பையில் 2008 நவம்பர் 26 இரவு ஒன்பதரை மணிவாக்கில் பயங்கரவாதிகள் சுடத் தொடங்கினார்கள். கறுப்புப் பூனைகள் களத்தில் இறங்கியது மறுநாள் காலையில். இடைப்பட்ட அந்த இரவு முழுவதும் ஏகே-47க்கு எதிரே நின்றது, பழைய .303 துப்பாக்கியும் லத்தியும் வைத்திருந்த உள்ளூர் போலீஸ். அந்தப் பயங்கரவாதிகளில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டே குண்டுகளை வாங்கிச் செத்த போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே கையில் லத்திதான் இருந்தது. தாஜ் ஹோட்டலில் உயிர்விட்ட என்எஸ்ஜி மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனை நாடு நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்கத்தான் வேண்டும். ஓம்ப்ளேயையும் அதே வரிசையில் வைத்துத்தான் நான் வணங்குகிறேன்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு 2009-ல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் என்எஸ்ஜி மையங்கள் வந்தன. வண்டலூர் அருகே நெடுங்குன்றத்தில் நம்முடையது இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ ஏதாவது நடந்தால், சென்னையிலிருந்து விமானத்தில் திருச்சிக்கு வந்து இறங்கினாலும் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வர வேண்டும். அதுவரை நிற்கப்போவது யார்? ஸ்டேஷனில் அன்று இரவுப் பணியில் இருக்கும் நான்கைந்து பேர்.

அவர்களை நாம் எப்படித் தயார்செய்கிறோம்? நான் வேலை பார்த்த ஸ்டேஷன் ஒன்றில் வருஷத்துக்கு ஒருமுறை துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடந்தாலே பெரிது. திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி என்று ஆட்கள் பிரிந்துவிட்டால் பயிற்சிக்கு நாள் ஏது? வி.ஐ.பி. மோகம் என்எஸ்ஜியையே விடவில்லை. தலைவர்களின் காரைச் சுற்றி ஓடும் வேலையில் அந்தப் படை பல ஆண்டுகள் கட்டுண்டு கிடந்தது. 2024 அக்டோபரில்தான் அந்தப் பொறுப்பை முழுதாக சிஆர்பிஎஃப்புக்கு மாற்ற உத்தரவானது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

போலீஸுக்கும் முன்னால் கடலில் இருப்பவர்கள் மீனவர்கள். 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். கரையில் இறங்கியவர்களை முதலில் பார்த்து, யார் என்று கேட்டவர்களும் மீனவர்களே. எந்தக் கமாண்டோவுக்கும் முன்னால் இருப்பவர்கள் அவர்கள். 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையின்போது மட்டும் அவர்களைத் தேடிப்போனால் போதாது. ஒரு மீனவர் சொல்லும் தகவலை எழுதிக்கொண்டு, அதற்கு என்ன செய்தோம் என்று அவருக்கே திரும்பச் சொல்லும் பழக்கம் வர வேண்டும். அந்த மரியாதை கிடைத்தால்தான் அடுத்த முறையும் அவர் போன் செய்வார்.

அரசிடம் நான் கேட்பது மூன்று. கடலோர ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சுடும் பயிற்சியும் உயிர் காக்கும் கவசமும். திருச்சியையோ புதுக்கோட்டையையோ தளமாகக் கொண்டு, ஒரு மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடக்கூடிய மாநிலக் கமாண்டோ அணி. முதல் ஆறு மணி நேரத்தில் யார் எதைச் செய்வது என்று ஒவ்வொரு ஏட்டுக்கும் தெரிந்திருக்கும் எழுத்துப்பூர்வமான திட்டம்.

ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். மானேசருக்குப் போக முடிந்தால் போங்கள், பெருமைதான். ஆனால் காக்கி போட்டுச் சொந்த மாவட்டத்து ஸ்டேஷனில் நிற்பது அதற்குக் குறைந்த வேலை இல்லை. முதல் குண்டு பாயும் நேரத்தில் மக்களுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இருக்கப்போவது நீங்கள்தான். அந்த இடத்தில் உங்களை வெறுங்கையோடு நிறுத்தாமல் இருப்பது அரசின் கடமை.