அலாஸ்காவுக்குக் கப்பல் ஏறும் முன்...

"சியாட்டிலில் இருக்கும் என் மகள், 'அம்மா, இந்தக் கோடைக்கு நீ வந்தால் எல்லோருமாகக் கப்பலில் அலாஸ்கா போகலாம்' என்று கூப்பிடுகிறாள். எனக்கு வயது 58. படகு சவாரி தவிர வேறொன்றும் அறியேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? இப்போதே ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி.

சகோதரி, ஸ்வெட்டர் இருக்கட்டும். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் பட்ட பாடு அப்படி!

2018 ஜூனில் நாங்களும் இப்படித்தான் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, பேத்தி, சம்பந்தியம்மா. "காகித விவகாரமெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான். எங்கள் இருவரிடமும் டொரான்டோவில் இருக்கும் பையனைப் பார்க்கப் போக வாங்கிய கனடா விசா இருந்தது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கிரீன் கார்டு. பேத்தி அங்கேயே பிறந்தவள். சம்பந்தியம்மாவிடம் அமெரிக்க விசா மட்டும்தான். அலாஸ்கா அமெரிக்காவைச் சேர்ந்ததுதானே, இது போதாதா என்று நினைத்துவிட்டேன்.

துறைமுகத்தில் வரிசையில் நிற்கிறோம். "இவருக்குக் கனடா விசா எங்கே?" என்றாள் அங்கிருந்த பெண். கடைசி நாள் சாயங்காலம் விக்டோரியா என்ற ஊரில் கப்பல் நிற்கும் என்று சீட்டில் போட்டிருந்தது. நானும் படித்திருந்தேன். அது கனடா என்பது மண்டையில் உறைக்கவில்லை!

"பரவாயில்லை சம்பந்தி, குழந்தை ஆசையா இருக்கா. நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சிரித்தார். மாப்பிள்ளை அம்மாவோடு கரையிலேயே நின்றுவிட்டார். கப்பல் நகரும்போது எல்லோரும் கை அசைத்தார்கள். எனக்குக் கை எழவில்லை.

ஏன் இந்த நிபந்தனை?

பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டில் பதிவானவை. அத்தகைய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டித் திரும்ப அங்கேயே இறக்குவதானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். 1886-ல் அமெரிக்கா போட்ட சட்டம் இது. அதனால்தான் சியாட்டிலில் புறப்படும் கப்பல் கனடாவில் சில மணி நேரமாவது நிற்கிறது. கப்பலை விட்டு இறங்கவே போவதில்லை என்றாலும், இந்தியப் பாஸ்போர்ட் உள்ள நமக்குக் கனடா விசா வேண்டும். திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைவதால், அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கனடாவின் வான்கூவரில் ஏறினாலும் இதே கதைதான்.

இன்னொன்று. நம் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ சேர்ந்திருக்கும். டிக்கெட்டிலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கட்டும்.

எப்போது, எந்த வழி?

பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். மே, ஜூனில் மழை சற்றுக் குறைவு. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். ஜூலையில் குளிர் குறைவு, கூட்டமும் கட்டணமும் அதிகம். மே தொடக்கத்திலும் செப்டம்பரிலும் கட்டணம் இறங்கும்.

கடல் ஒத்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு வான்கூவர் வழி நல்லது. வழி நெடுகத் தீவுகள் அலையைத் தடுக்கின்றன. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் திறந்த கடல் வழியே போவதால் கொஞ்சம் ஆட்டும். இஞ்சி மொரப்பா பாக்கெட் ஒன்று இருக்கட்டும். மாத்திரை வேண்டுமானால் உங்கள் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பனியாற்றுக்குப் போகும் என்றும் கேளுங்கள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. சில கப்பல்கள் அங்கே போகாமல் ஹப்பர்ட் பனியாற்றுக்குப் போகும். அதுவும் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் எது என்று தெரிந்து பணம் கட்டுவது நல்லது.

பணம்

விளம்பரத்தில் போடும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்பது. தினமும் தலைக்கு இவ்வளவு என்று சேரும் டிப்ஸ், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. கப்பல் டாக்டரின் பில் மயக்கம் போட வைக்கும்! இன்ஷூரன்ஸை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு. பால்கனி அறை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மேல்தளம் எல்லோருக்கும் பொது. பனியாற்றின் எதிரே கப்பலையே மெதுவாகத் திருப்பி இரு பக்கத்தாருக்கும் காட்டுகிறார்கள். ஸ்காக்வே ஊரில் தங்க வேட்டைக் காலத்தில் தொடங்கி 1900-ல் முடித்த மலை ரயில் ஒன்று ஓடுகிறது. எங்காவது ஒரே இடத்தில்தான் செலவழிக்கலாம் என்றால் நான் அதற்குத்தான் செலவழிப்பேன்.

பெட்டி

ஜூலையிலும் ஜூனோவில் பகல் வெயில் 18 டிகிரி செல்சியஸ் அளவுதான். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்ற வசதியாக மெல்லிய கம்பளி உடைகள் மூன்று மேல். அதற்கு மேலே மழைக்கோட்டு. கெட்சிகன் ஊரில் வருஷத்துக்குச் சுமார் 150 அங்குலம் மழை. நம் சென்னையைப் போல இரண்டரை மடங்கு! புடவை கப்பலுக்குள் அழகுதான். ஈரமான பலகைப் பாதையில் சல்வாரும் பிடிப்பான ஷூவும்தான் சரி.

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் விடமாட்டார்கள். தீப்பிடிக்கும் என்ற பயம். வீட்டுப் புளிக்காய்ச்சலும் வேண்டாம். சைவம் என்று டிக்கெட் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், பல கப்பல்களில் நம் ஊர்ச் சாப்பாடே செய்து தருகிறார்கள்.

பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வர மாலையாகிவிடலாம். ஆகவே பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், டாக்டர் சீட்டு, குழந்தையின் பால் பவுடர், ஒரு ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கடைசி ராத்திரி பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த ஒரு செட்டை எடுத்து வைக்க மறந்து, நைட்டிமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியவள் நான்!

கைக்குழந்தை இருந்தால்

பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இடமில்லை. பயணம் முடிவதற்குள் 24-வது வாரத்தைத் தொடும் கர்ப்பிணிகளையும் ஏற்றுவதில்லை. டயாபர் கட்டும் குழந்தையை நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள். வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் சட்டென்று பரவும். அதற்குச் சானிடைசர் போதாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள்.

மறு வருஷம், 2019-ல், சம்பந்தியம்மாவுக்குக் கனடா விசா வாங்கிக்கொண்டு எல்லோருமாகப் போனோம். 1794-ல் வான்கூவர் என்ற மாலுமியின் ஆட்கள் வந்தபோது கிளேசியர் பே முழுவதும் பனிக்கட்டியாக இருந்ததாம். இன்று பனியைப் பார்க்க 65 மைல் உள்ளே போக வேண்டியிருக்கிறது. மார்ஜரி பனியாற்றின் எதிரே கப்பல் நின்றது. ஒரு மைல் அகலத்துக்கு நீலச் சுவர்! அதிலிருந்து ஒரு பாளம் சத்தமில்லாமல் சரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து இடி வந்தது. அந்த மண்ணின் மக்களான டிலிங்கிட் இனத்தார் இதை 'வெள்ளை இடி' என்பார்களாம்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷம் இதை நீங்க தனியாவா பார்த்தீங்க, பாவம்!" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆகவே சகோதரி, இன்றைக்கே மகளுக்குப் போன் போடுங்கள். கப்பல் நிற்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் அது எந்த நாடு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை அப்புறம் பின்னிக்கொள்ளலாம்.