முதல் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

வியாபார ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பலரும் விலையையும் தவணையையும் தேடிப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். ஒப்பந்தம் செய்பவர்களின் விவரம் உள்ள முதல் பக்கமோ பழைய ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஒருவரே நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற தகுதி கிடையாது. கடைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது; உரிமையாளரின் பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றும் வேண்டும். கம்பெனி என்றால் 21 இலக்க அடையாள எண்ணும், பதிவு அலுவலக முகவரியும், கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தந்த தீர்மானமும் இடம்பெற வேண்டும்.

அடுத்து வரும் முகவுரையும் வெறும் சடங்கல்ல.

ஷரத்து குழப்பமாகவும் முகவுரை தெளிவாகவும் இருந்தால், முகவுரையைக் கொண்டே பொருள் கொள்ள வேண்டும் என்று 1886-லேயே இங்கிலாந்தில் நீதிபதி லார்டு எஷர் வகுத்துக் கொடுத்தார். ஷரத்து தெளிவாக இருந்தால் அதற்கே முதலிடம். ஆகவே யார் எதற்காகச் சேர்கிறார்கள் என்பதை முகவுரை நாலு வரியில் சொன்னால் போதும். பணம், கெடு, அபராதம் போன்ற கடமைகளை அங்கே நுழைக்காமல் ஷரத்துகளுக்கே விட்டுவிட வேண்டும்.