கதவோரக் காப்பு

நம் ஜனங்கள் புதிதாக ஒரு மோட்டார் கார் வாங்கினால், கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு செய்கிற அடுத்த காரியம் அதற்கு அலங்காரம் பண்ணுவதுதான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனால் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. அங்கே விற்கிற நூறு வகைச் சாமான்களில் மிக அற்பமாகத் தோன்றுவது, கதவின் விளிம்பில் மாட்டுகிற ஒரு நீண்ட பட்டை. கடைக்காரர் 'டோர் கார்டு' என்பார். சிலர் 'பீடிங்' என்பார்கள். விலை சொற்பம். மாட்டுவதற்குச் சில நிமிஷங்கள் போதும். அதற்குப் பிறகு வண்டி இருக்கிற வரையில் அதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. அந்த மறதியினால் விளைகிற நஷ்டத்தைப் பற்றி நேயர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

இந்தக் காப்பு அவசியந்தானா என்றால், அவசியந்தான் என்பது நமது அபிப்பிராயம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு சாண் இடம் கிடைத்தால் பெரிது. பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்த குழந்தை கதவைத் தள்ளித் திறக்கிறது. விளிம்பு தூணில் மோதினால் நஷ்டம் நம்மோடு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் மோதினாலோ, பல வருஷத்துச் சிநேகமும் கூடப் போய்விடக்கூடும்.

விளிம்பு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? கதவு என்பது ஒரே தகடு அல்ல. வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருக்கிறார்கள்; வேஷ்டி ஓரத்தை மடித்துத் தைப்பது போலத்தான். மேலே பூசியிருக்கும் வர்ணம், எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலும், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கனந்தான். அதிலும் ஈர வர்ணம் கூரான ஓரத்தில் தங்காமல் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஆகவே அடி படுகிற இடம் எதுவோ, அதுவே பூச்சு மெலிந்த இடமாகவும் அமைந்துவிடுகிறது. அங்கே வர்ணம் பெயர்ந்து இரும்பு தெரிந்தால், கடற்காற்று வீசும் ஊர்களில் துரு பிடிக்க அதிக காலம் வேண்டாம்.

இனி காப்பின் கதைக்கு வருவோம். சாதாரணமாகக் கிடைப்பது விளிம்பைக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்ப் பட்டை. புதிதாக இருக்கும்போது வெகு அழகாகப் பொருந்தும். ஆனால் அது கவ்வுகிற இடத்தில் நூலிழை அளவு சந்து இருக்கத்தான் செய்யும். தெருப் புழுதி அதற்குள் புகும். மழை ஜலமும் புகும். புகுந்த ஜலம் காய்வதற்கு வழி இல்லை. வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்ச்சியில், உள்ளே சிக்கிய மணல் இரவும் பகலும் உப்புத்தாள் செய்கிற வேலையைச் செய்கிறது. வெளியே பளபளவென்று பட்டை. உள்ளே வர்ணம் தேய்ந்து துரு. பெயர்ந்த வர்ணம் கண்ணில் பட்டால் நாமே ஒரு துளி வர்ணம் வைத்து மூடியிருப்போம். பட்டைக்குள் ஒளிந்த துருவோ, மடிப்புக்குள் இறங்கித் தகட்டை அரித்த பிறகுதான் கொப்புளமாக வெளியே தெரிகிறது. அப்புறம் டிங்கரிங், பட்டி, பெயிண்டிங் என்று செலவு வளரும். பட்டை வாங்கிய காசு அதில் எந்த மூலைக்கு?

எவர்சில்வர்ப் பட்டை வாங்கினால் துரு பிடிக்காதே என்று சிலர் எண்ணுவதுண்டு. பட்டைக்குப் பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் எவர்சில்வரும் சாதாரண இரும்பும் உப்பு ஜலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், இரும்புதான் முன்னிலும் வேகமாக அரிபடும். வர்ணம் முழுதாக இருக்கும் வரையில் பயம் இல்லை. ஒரு கீறல் விழுந்தால் போதும்.

நம் வீடுகளில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ காப்புக் கட்டினால், அதை அவிழ்ப்பதற்கும் ஒரு நாள் உண்டு. கதவோரக் காப்பிலும் அந்த வழக்கத்தை ஏன் அனுசரிக்கக் கூடாது? ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறையும், மார்கழியில் மழை ஓய்ந்த பிறகு ஒரு முறையும் கழற்றுவது நல்லது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கோடையிலும் ஒரு தடவை சேர்த்துக்கொள்ளலாம். வண்டியைச் சற்று நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றினால் பட்டை இளகி வரும். குளிர்ந்திருக்கும்போது பிடுங்கினால் வர்ணத்தைக் கீறும். சவுக்காரத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் சுத்தம் செய்யப் போதுமானவை. பட்டையையும் விளிம்பையும் தனித்தனியே நன்றாக உலரவிட்ட பிறகே மறுபடி மாட்ட வேண்டும். இரும்பு தெரிகிற இடத்தில் முதலில் பிரைமர், பிறகு வர்ணம், இரண்டும் காய்ந்த பிற்பாடுதான் பட்டை. அவசரக்காரர்கள் ஈரத்தின் மேலேயே மாட்டிவிடுகிறார்கள். அதைவிடக் கழற்றாமலே இருந்திருக்கலாம்.

ரப்பர்ப் பட்டை மினுமினுக்க வேண்டுமென்று தேங்காயெண்ணெய் தடவும் வழக்கமும் இருக்கிறது. ஊரிலுள்ள புழுதி முழுவதையும் விருந்துக்கு அழைப்பதற்கு அதைவிடச் சுலபமான உபாயம் இல்லை! வாஸலின், கிரீஸ் முதலியவை சில ரப்பர்களை ஊதச் செய்துவிடும். ஸிலிகான் திரவத்தைத் துணியில் எடுத்து லேசாகத் துடைத்தால் போதும். பசையால் ஒட்டிய பட்டையை எடுக்கும்போது தின்னர் வேண்டாம்; பசையோடு வர்ணமும் போய்விடும்.

பட்டையின் ஆயுளை வருஷக் கணக்கில் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. மரத்தடியில் நிற்கும் வண்டிக்கும் மொட்டை வெயிலில் காயும் வண்டிக்கும் எப்படி ஒரே கணக்குச் சொல்வது? பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுகிறது. நகத்தால் அழுத்தினால் பதியாமல் விறைத்திருப்பது, மஞ்சள் படர்வது, முனை தூக்கிக்கொள்வது, கதவை மூடும்போது 'கடகட' என்பது இவையெல்லாம் அதற்கு வயதாகிவிட்டதன் அடையாளங்கள். உள்ளே கம்பி வைத்த பட்டையானால் வெட்டிய முனைகளையும் பார்க்க வேண்டும். அந்தக் கம்பியே துருவேறிக் கதவில் கறை இறக்கும். தடித்த பட்டை நல்லது என்று வாங்குவதும் சரியல்ல. இரண்டு கதவுகளுக்கு இடையே உள்ள சந்து சில மில்லிமீட்டர்தான். தடித்த பட்டை அடுத்த கதவை உரசும். கதவின் அடிப்புறத்தில் ஜலம் வடியச் சிறு துவாரங்கள் உண்டு. அவற்றின் மேல் எக்காரணம் கொண்டும் பட்டை போடக் கூடாது.

பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆன கண்ணாடி போன்ற மெல்லிய ஏடும் இப்போது கிடைக்கிறது. விளிம்பில் மடித்து ஒட்டிவிட்டால் புழுதிக்குச் சந்து கிடைப்பதில்லை. கீறலைத் தடுக்கும், பலமான மோதலைத் தாங்காது. 2016-ல் அறிமுகமான ஸ்கோடா கோடியாக் வண்டியில் வேறொரு யுக்தி செய்தார்கள்: கதவைத் திறந்ததும் காப்பு தானே வெளியே வந்து விளிம்பை மூடிக்கொள்ளும், மூடினால் உள்ளே மடங்கிவிடும். விளிம்பை இடைவிடாமல் கவ்விக்கொண்டிராத காப்பு என்பதால் நமக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அந்த வண்டி கட்டுப்படியாகுமா?

பழைய வண்டி வாங்க உத்தேசித்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கையையும் இன்ஜினையும் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், விற்கிறவரின் அனுமதியோடு கதவோரப் பட்டையைக் கீழ்முனையிலிருந்து ஒரு சாண் நீளம் கழற்றிப் பாருங்கள். ஜலம் இறங்கித் தங்குவது அங்கேதான்.