கைப்பேசி நம்முடையது, சாவி யாருடையது?

பிரிக்பீல்ட்ஸில் தங்கிப் படிக்கும் என் அக்காள் மகன் சென்ற மாதம் தன் திறன்பேசியுடன் வீட்டுக்கு வந்தான். பழைய கருவிதான் என்றாலும் திரையிலும் மின்கலத்திலும் குறையில்லை. ஆனால், அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தயாரிப்பாளர் நிறுத்தி ஈராண்டு ஆகிறது. "புதுசு வாங்கக் காசு இல்ல மாமா. நானே லினேஜ் ஓஎஸ் போட்டுட்டேன்" என்றான் பெருமையாக. அடுத்த நொடியே குரல் இறங்கியது. "ஆனா, பேங்க் செயலி மட்டும் திறக்க மாட்டேங்குது."

அவனுடைய சிக்கலில் இன்று உலகெங்கும் நடக்கும் ஒரு பெரிய இழுபறி அடங்கியிருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய கருவியில் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த நிரல். தன்னார்வலர்கள் அதை எடுத்து, தயாரிப்பாளர் கைவிட்ட கருவிகளுக்கும் ஏற்ற இயங்குதளமாக மாற்றித் தருகிறார்கள். இதைத்தான் 'கஸ்டம் ரோம்' என்கிறோம். புகழ்பெற்ற சயனோஜென்மோட் 2016 டிசம்பரில் நின்றபோது, அதன் நிரலிலிருந்து பிறந்தது லினேஜ் ஓஎஸ்.

இதை நிறுவ முதலில் 'பூட்லோடர்' என்ற பூட்டைத் திறக்க வேண்டும். கருவியை முடுக்கியதும் முதலில் ஓடும் நிரல் அது. தயாரிப்பாளர் கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே அது உள்ளே விடும். பூட்டைத் திறக்கும்போது கைப்பேசியில் உள்ள படங்கள், செய்திகள் அனைத்தும் அழிந்துவிடும். பிறகு கணினியோடு கம்பியில் இணைத்து, சரியான மாடலுக்குரிய கோப்பை ஏற்ற வேண்டும். வேறு மாடலின் கோப்பை ஏற்றினால் கைப்பேசி செங்கல் போல் செத்துக் கிடக்கலாம்.

அவன் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தான். பிறகு ஏன் வங்கிச் செயலி மறுத்தது? பல வங்கிச் செயலிகள் திறக்கும்போது, 'இந்தக் கருவி நம்பத்தக்கதா?' என்று கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' சேவையைக் கேட்கின்றன. பூட்டு திறந்திருக்கும் கருவி அந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறாது. பூட்டைத் திறந்தவன் உரிமையாளனா திருடனா என்பது அந்தச் சேவைக்குத் தெரியாது.

வங்கியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கிள்ளானில் இருக்கும் என் உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கும் ஆவலில் தொட்டார். அது படமல்ல, ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பு. குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டது, அவரும் கொடுத்துவிட்டார். வங்கி அனுப்பிய டிஏசி எண் மோசடிக்காரன் கைக்குப் போனது. சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது. இத்தகைய மோசடிகள் பெருகியதால்தான் பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் குறுஞ்செய்தி வழி டிஏசியைக் கைவிடுதல், ஒரே கைப்பேசியில் மட்டும் உறுதிப்படுத்துதல் போன்ற ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணும் அவ்வாண்டு அக்டோபரில்தான் வந்தது.

இத்தகைய மோசடிகளைக் காரணம் காட்டி, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. இணையத்தில் இருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில், பிளே ஸ்டோரில் உள்ளதைவிட 50 மடங்குக்கும் அதிகமான தீம்பொருள் இருப்பதாகக் கூகுள் கூறுகிறது. 2025 ஆகஸ்டில் அது ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி, தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்திய உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ முடியும். முதற்கட்டம் 2026 செப்டம்பரில் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் நாடுகளில். 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரியும். நம் அண்டை நாடுகள் மூன்றும் முதல் வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். கண்டனங்கள் எழுந்ததும், அனுபவம் உள்ளவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாகக் கூகுள் 2025 நவம்பரில் சொன்னது.

பூட்லோடர் பக்கமும் இதே கதைதான். 2018-இல் ஹுவாவே அதைத் திறக்கும் குறியீடுகள் வழங்குவதை நிறுத்தியது. 2025-இல் வந்த ஒன் யுஐ 8 பதிப்பில் சாம்சங் அந்த வசதியையே நீக்கியது.

இங்கேதான் இரண்டு கதவுகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். என் உறவினர் ஏமாந்தது ஒரு நிமிட வேலை. ஒரு தொடுதல், ஓர் அனுமதி. அக்காள் மகன் செய்ததற்குக் கணினியும் கம்பியும் ஒரு மாலைப்பொழுதும் தேவைப்பட்டன. தன் தகவல்கள் அழியும் என்று தெரிந்தே செய்தான். பூட்லோடரை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் அழைப்பிதழ் மோசடி நிற்கப் போவதில்லை. நிற்கப் போவது, கைவிடப்பட்ட கைப்பேசிக்கு மறுவாழ்வு தரும் வழிதான். அந்த வழி அடைபட்டால் முதலில் அடிபடுபவர்கள் புதுக் கருவி வாங்க வசதி இல்லாத மாணவர்கள்.

தமிழருக்கு இதில் ஒரு பழைய கடனும் உண்டு. தொடக்க கால ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. ஓபேரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்தோம். என் போன்ற சிலர் கைப்பேசியை 'ரூட்' செய்து எழுத்துருவை உள்ளே வைத்தோம். அப்போதும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. ஆண்ட்ராய்டின் பட்டியலில் தமிழ் ஓர் இடைமுக மொழியாகச் சேர்ந்தது 2014-இல் வந்த 5.0 பதிப்பில்தான். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்திருந்தது. பெரிய நிறுவனங்கள் நம் மொழிக்கு வந்து சேரும்வரை நாம் காத்திருக்கவில்லை. கருவிக்குள் கைவைக்க இடம் இருந்ததால் நமக்கு நாமே செய்துகொண்டோம்.

ஆகவே, என் நிலைப்பாடு இதுதான். வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியில் சோதனை வேண்டாம். பூட்டு திறந்த கருவி திருடு போனால் ஆபத்து அதிகம் என்பதும் உண்மை. வீட்டு இழுப்பறையில் தூங்கும் பழைய கைப்பேசியில் கற்றுக்கொள்ளுங்கள். சரியான மாடல் எண்ணைப் பாருங்கள், தகவல்களைப் பிரதி எடுங்கள், கோப்பை அத்திட்டத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டுமே பெறுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே எதையும் தொடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும். அத்தகைய உறுதியை நாமும் கேட்கலாம். அந்தக் காலமும் முடிந்த பின், சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிடட்டும்.

அக்காள் மகன் இப்போது அந்தக் கைப்பேசியைப் பாடநூல் படிக்கவும் நிரல் எழுதிப் பழகவும் வைத்திருக்கிறான். வங்கிக் கணக்கு மட்டும் அவன் அம்மாவின் பழைய கைப்பேசியில் ஓடுகிறது. அதற்கும் புதுப்பிப்பு நிற்கும் நாள் தொலைவில் இல்லை.