முதற் கவளம்



2009இல் வவுனியா முகாமொன்றில் இருந்தபோது மூத்தவனுக்கு 6 மாதம். வடித்த கஞ்சித் தண்ணீர்தான் அவனுடைய முதல் உணவு. 10 மாதமாகியும் பிடிக்காமல் இருக்கமாட்டான். என் பாவம் என்று அழுதேன்.

இளையவள் இரத்மலானையில் பிறந்தாள். 6 மாதம் நிறைந்ததும் மருத்துவமாது சொன்னபடி, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் சோற்றைக் குழைத்து ஊட்டினேன். பின்பு பருப்பு, பூசணி, கீரை, மீன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தாய்ப்பாலை 2 வயதுவரை நிறுத்தவில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் 9 மாதத்துக்குள் துணையின்றி இருக்கும். 18 மாதத்துக்குள் நடக்கும். தாமதமானால் அழுதுகொண்டிராமல் கிளினிக்கில் காட்டுங்கள். மூத்தவனும் பிந்தியே நடந்தான். வெட்கப்பட்டு நான் காட்டாமல் விட்ட மாதங்கள்தான் வீணாயின.