ஓதுகிறோம், படிக்கிறோம், வாசிக்கிறோமா?

நம் வீடுகளில் பிள்ளை காலையில் 'படிக்க'ப் போகிறது. மாலையில் மதரஸாவுக்கு 'ஓத'ப் போகிறது. முன்னது தேர்வுக்கு, பின்னது குர்ஆனுக்கு. தானாக விரும்பி ஒரு நூலை எடுத்து, புரிந்து, முடித்து வைப்பதற்கு நம் அன்றாடப் பேச்சில் மூன்றாவது சொல் ஒன்று இல்லை. 'வாசிப்பு' என்பதை மேடைகளில் மட்டுமே கேட்கிறோம்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் ஆங்கில வழியில் பயில்கின்றனர். பத்து வயதில் தஜ்வீதுடன் குர்ஆனை ஓதி முடிக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், நாமும் இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். அதே பிள்ளையிடம், தினமும் பலமுறை ஓதும் ஃபாத்திஹா அத்தியாயத்தின் தமிழ்த் தர்ஜமாவைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறது. உருது பேசும் இல்லங்களிலோ உருது எழுத்தும் தெரிவதில்லை. வேதத்தின் பொருளை அடைய ஆங்கிலம் ஒன்றே வழியாகிறது. அந்த ஆங்கிலத்தையும் பாடநூலுக்கு வெளியே பிள்ளை தொடுவதில்லை.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் நம்மிடம் இருந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள்கூட, குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டங்களையும் நபிமார் வரலாறுகளையும் தாய்மொழியில் வாசித்தனர். ஓதுதல் அவர்களுக்கு வாசிப்பின் வாசலாக இருந்தது. இன்று மூன்று மொழிகளின் எழுத்துகளைக் கற்றும் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறோம்.

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தை நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? மூன்றாம் வகுப்புடன் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. இளமையிலேயே கணவரை இழந்தார். வீட்டுக்குள் இருந்தபடியே தமிழ் நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே.சாமிநாதையர். தமிழ்த்தாத்தாவின் முன்னுரையைப் பெற்றுத் தந்தது மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் அன்று. அந்த உ.வே.சா.வின் பெயரால் அமைந்த நூலகம் நம் பெசன்ட் நகரில்தான் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை அதைக் கடந்திருப்போம்.

கதைநூல்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், மார்க்க நூல்கள் மட்டும் போதும் என்று எண்ணும் பெற்றோரும் உள்ளனர். அவர்களுடைய அக்கறையை நாம் குறை கூறவில்லை. ஆனால் பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், முஸ்லிம் சிறுவர் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததைச் சீரா நூல்கள் கூறுகின்றன. அந்த ஆசிரியர்கள் மார்க்கம் கற்பிக்க வந்தவர்கள் அல்லர். முந்தைய நாள்வரை வாளேந்தி எதிரில் நின்றவர்கள். எழுத்தறிவு அவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது. கதையைப் பொறுத்தவரை, யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அத்தியாயத்தில் சொல்வது குர்ஆனே அல்லவா?

உண்மையில் பிள்ளைகளை விடப் பெரியவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். ஒரு ஹதீஸை உறுதிசெய்ய ஊர் ஊராகப் பயணம் செய்த அறிஞர்களின் வழிவந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே நூலின் பெயரும் எண்ணும் இல்லாத செய்தியை 'ஹதீஸ்' என்று நம்பி, ஃபஜ்ருக்குப் பின் பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறோம். அத்தாவின் கையில் எந்நேரமும் கைப்பேசியைக் காணும் பிள்ளையிடம் புத்தகம் எடு என்று சொன்னால் எப்படி எடுக்கும்?

வசதி இல்லை என்று சென்னையில் யாரும் சொல்ல முடியாது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தது. மக்கள் நீதிமன்றம் சென்று தடுத்தனர். அப்படிக் காப்பாற்றப்பட்ட கட்டடத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு தளம் உண்டு. நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் உண்டு. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, அடுத்தது கோட்டூர்புரம். பெருநாள் துணி வாங்க ரங்கநாதன் தெரு நெரிசலில் நான்கு முறை அலையும் நமக்கு இது தொலைவே அன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு, குடும்பத்துடன் செல்வோம். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நாம் வெளியே தேநீர் குடிக்காமல், பக்கத்தில் அமர்ந்து நாமும் ஒன்றை வாசிப்போம்.

வீட்டில் இஷாவுக்குப் பிறகு கால் மணி நேரம் போதும். தமிழ்த் தர்ஜமாவில் ஒரு பக்கத்தைப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். தடுமாறினால் சிரிக்காமல் காத்திருப்போம்.

பள்ளிவாசல்களுக்கும் இதில் பங்குண்டு. பல பள்ளிகளில் கண்ணாடி அலமாரியில் கிதாபுகள் அடுக்கி, பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சில பூட்டுகளில் துருவும் ஏறிவிட்டது. அடுத்த ஜும்ஆவுக்குச் செல்லும்போது, உங்கள் மஹல்லாவில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.